லேபுக்குச் சொந்த ஜிபியு சர்வரா, பல்கலைக்கழக கிளஸ்டரில் பங்கா? கைடுக்குப் பதில் சொல்ல வேண்டும்

துகள்நடை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். புரதங்களின் மூலக்கூறு இயக்கத்தைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் ஒரு லேபில் போஸ்ட்டாக்காக இருக்கிறேன். புதிதாக வந்த ப்ராஜெக்ட்டில் உபகரணத்துக்கென்று ஒரு தொகை ஒதுக்கியிருக்கிறார்கள். நாலு ஜிபியு (இத்தகைய கணக்குகளை வேகமாக ஓட்டும் கிராஃபிக்ஸ் சிப்) உள்ள ஒரு சர்வர் வாங்கலாம், அவ்வளவுதான் வரும். "லேபிலேயே வாங்கிப் போட்டுக்கொள்ளலாமா, இல்லை பொது கிளஸ்டரில் அந்தப் பணத்துக்கு ஒரு நோட் வாங்கிச் சேர்த்துவிடலாமா, நீயே விசாரித்துச் சொல்" என்று கைடு பொறுப்பை என்னிடம் விட்டிருக்கிறார். கிளஸ்டர் என்பது பல லேப்கள் பகிர்ந்துகொள்ளும் கணினிகளின் தொகுப்பு, அதில் உள்ள ஒவ்வொரு கணினியும் ஒரு நோட்.

நாங்கள் ஓட்டுவது பெரும்பாலும் குரோமாக்ஸ் என்ற சிமுலேஷன் மென்பொருள்தான். புரதம், தண்ணீர், உப்பு எல்லாம் சேர்த்து ஓர் அமைப்புக்கு ஒரு லட்சம் அணுக்கள் வரும். அதே அமைப்பை வேறு வேறு தொடக்க வேகங்களில் பல பிரதிகள் ஓட்டுவோம். அது முடிந்ததும் பகுப்பாய்வு, எழுத்து என்று நீண்ட காலம் ஜிபியு பக்கமே போக மாட்டோம். அப்புறம் கட்டுரைக்கு ரெஃபரீ கருத்து வரும். "இன்னும் ஐந்து பிரதிகள் வேண்டும், மியூட்டன்ட்டையும் ஓட்டிக் காட்டுங்கள்" என்பார்கள். உடனே லேபில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஜிபியு வேண்டும்.

பொது கிளஸ்டரில் எனக்கு உள்ள ஒரே மனக்குறை க்யூதான். ஜாப் (கிளஸ்டரில் ஓட்டக் கொடுக்கும் வேலை) போட்டால் 'பென்டிங்' என்று காத்து நிற்கும். காரணம் பார்த்தால் 'பிரையாரிட்டி' என்று காட்டும். எனக்குப் பிறகு போட்ட பக்கத்து லேப்காரரின் ஜாப் முன்னால் ஓடி முடிந்துவிடுகிறது. இது எப்படி நியாயம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. லேப் ஜூனியர்கள் எல்லாரும் "சொந்த மெஷின் வாங்கிவிடுவோம், யாரையும் கேட்க வேண்டாம்" என்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் அர்த்தம் இருக்கிறது என்றுதான் தோன்றுகிறது.

இரண்டு பக்கமும் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். நோட் வாங்கிச் சேர்த்தால் அது உண்மையில் எங்களுக்குக் கிடைக்குமா, பெயருக்குத்தானா என்பதையும் சொன்னால் நல்லது.

---

கணுக்காவல் பதில்:

வணக்கம். பல வருடங்களாக ஆராய்ச்சியாளர்களுக்கான பொது கிளஸ்டரைப் பராமரிக்கும் வேலையில் இருப்பவன் நான். என் சாய்வு எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டே படியுங்கள். உங்கள் லேபின் வேலைமுறைக்குப் பொது கிளஸ்டர்தான் சரி என்பது என் உறுதியான கருத்து. ஆனால் எதையும் வாங்குவதற்கு முன்னால் உங்கள் ஜாப் ஸ்கிரிப்ட்டை, அதாவது எத்தனை ஜிபியு, எவ்வளவு நேரம் வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் ஃபைலை, திறந்து பாருங்கள். நீங்கள் சொல்லும் க்யூ பிரச்சினையில் பாதி அங்கே இருக்கும் என்று நினைக்கிறேன்.

பக்கத்து லேப்காரர் எப்படி முந்தினார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கிளஸ்டரில் ஓடுவது அநேகமாக ஸ்லர்ம். அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் 2000-களின் தொடக்கத்தில் பிறந்த ஷெட்யூலர் அது, யாருடைய ஜாப் எப்போது எங்கே ஓடும் என்று முடிவெடுக்கும் மென்பொருள். இன்று ஃப்ரான்டியர், லூமி போன்ற உலகின் மிகப் பெரிய மெஷின்களிலும் அதுதான் ஓடுகிறது. அது முதலில் வந்தவருக்கு முதலில் என்று மட்டும் பார்ப்பதில்லை.

மதியம் 12 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரோ ஒருவருக்கு ஒரே ஜாப்புக்கு 16 நோட் வேண்டும். இப்போது 10 நோட்தான் காலி. மீதி 6 நோட் மாலை 6 மணிக்குத்தான் விடுபடும். அதனால் ஸ்லர்ம் அந்தப் பெரிய ஜாப்புக்கு மாலை 6 மணியைக் குறித்து வைத்துவிடுகிறது. அதுவரை 10 நோட்டும் சும்மா நிற்க வேண்டுமா? வேண்டாம். 5 மணி நேரம் போதும் என்று கேட்டு ஒரு ஜாப் காத்திருந்தால் அதை உள்ளே விடும். 5 மணிக்கு அது முடிந்துவிடும், பெரிய ஜாப்புக்கு ஒரு நிமிடம்கூடத் தள்ளிப்போகாது. இதற்குப் பெயர் பேக்ஃபில். இதே இடத்தில் உங்கள் ஜாப் 7 நாள் கேட்டு நின்றால் அதை விடவே முடியாது. உண்மையில் உங்களுக்குத் தேவைப்படுவது 4 மணி நேரம்தான் என்றாலும் ஷெட்யூலருக்கு அது எப்படித் தெரியும்? நீங்கள் எழுதிக் கொடுத்த நேரம்தான் அதற்குத் தெரியும். பக்கத்து லேப்காரர் குறைவாகக் கேட்டிருப்பார், அவ்வளவுதான் விஷயம்.

இரண்டாவது ஃபேர்ஷேர். கடந்த நாட்களில் உங்கள் அக்கவுன்ட் எவ்வளவு எடுத்துக்கொண்டதோ அந்த அளவுக்கு உங்கள் முன்னுரிமை இறங்கும். பழைய பயன்பாடு மெல்ல மறக்கப்படும். ஸ்லர்மின் இயல்பான அமைப்பில் அதன் அரையாயுள் 7 நாள். அதாவது போன வாரம் எரித்ததில் பாதிதான் இந்த வாரக் கணக்கில் நிற்கும். இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கணக்கில் ஏறுவது உங்களுக்கு ஒதுக்கப்பட்டது. நீங்கள் உண்மையில் பயன்படுத்தியது அல்ல. நாலு ஜிபியு கேட்டு ஒன்றை மட்டும் ஓட்டினால் நாலும் உங்கள் பெயரில்தான் ஏறும். அதுவும் பெரும்பாலும் லேப் முழுவதற்கும் ஒரே கணக்காக இருக்கும். ஜூனியர் ஒருவர் வாரக்கடைசியில் நாலு நாலாக வாங்கி ஓட்டிவிட்டுப் போனால், திங்கட்கிழமை காலையில் காத்திருக்கப் போவது நீங்கள்.

ஒரு லட்சம் அணுக்கள் உள்ள அமைப்பை நாலு ஜிபியுவில் ஒரே ஓட்டமாக விடுகிறீர்களா? அப்படியென்றால் நிறுத்திவிடுங்கள். அந்த அளவு அமைப்பு நாலு மடங்கு வேகமாகாது. ஜிபியுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதிலேயே நேரம் போய்விடும். ஆம்தால் 1967-லேயே சொன்ன கணக்குதான் இது: வேலையில் 95 சதவீதம் இணையாக ஓடக்கூடியது என்று வைத்தாலும், எத்தனை கோர் போட்டாலும் 20 மடங்கு வேகத்தைத் தாண்ட முடியாது. உங்களுக்கு வேண்டியதோ பல பிரதிகள். பிரதிக்கொரு ஜிபியு கொடுத்துத் தனித்தனி ஜாப்பாக, ஜாப் அர்ரேயில் (ஒரே ஸ்கிரிப்ட்டிலிருந்து பல ஜாப்களைப் போடும் வழி) போடுங்கள். அதே ஜிபியுக்களிலிருந்து நிறைய நானோசெகண்டுகள் சிமுலேஷன் கிடைக்கும், க்யூவிலும் சீக்கிரம் நுழைவீர்கள்.

சரி, சொந்த சர்வர் விஷயத்துக்கு வருகிறேன். விலைப்பட்டியலில் வராத செலவுகளைப் பாருங்கள். எச்100 ஜிபியுவில் சர்வருக்கான எஸ்எக்ஸ்எம் வகை ஒன்று மட்டும் 700 வாட் வரை இழுக்கும். பிசிஐ கார்டாக வருவது 350 வாட் வரை. அதை நாலால் பெருக்கி, சிபியு, ஃபேன் எல்லாம் சேருங்கள். அவ்வளவு மின்சாரமும் கடைசியில் அந்த அறைக்குள் சூடாகத்தான் வெளியே வரும். இரவும் பகலும் குளிர்விக்க வேண்டும், சத்தத்தையும் தாங்க வேண்டும். ஹார்வர்டு, எம்ஐடி உட்பட ஐந்து பெரிய பல்கலைக்கழகங்கள் ஹோலியோக் என்ற ஊரில் 2012-ல் ஒரே கட்டடத்தைப் பொது டேட்டா சென்டராகத் திறந்தன. அவ்வளவு வசதியுள்ளவர்களே மின்சாரத்தையும் குளிரூட்டலையும் தனித்தனியாகச் சுமக்க வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள்.

அதைவிட என்னைக் கவலைப்பட வைப்பது ஆள். அந்த சர்வரை லேபில் யார் பார்த்துக்கொள்வார்? வழக்கமாக லினக்ஸ் தெரிந்த ஒரு பிஎச்டி மாணவர் தலையில் விழும். அவருடைய ஆராய்ச்சி நேரம் டிரைவர் அப்டேட்டில் கரையும். அவர் பட்டம் வாங்கிப் போனதும் ரூட் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது, பேட்ச் போட ஆள் இருக்காது. இப்படி விடப்பட்ட பெட்டிகளை நான் நேரில் பார்த்திருக்கிறேன். நல்ல மாணவர்களின் வருடங்கள் அதில் போயிருக்கின்றன. பாதுகாப்பை இலேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2020 மே மாதம் ஐரோப்பாவில் பல ஆராய்ச்சி சூப்பர் கணினிகளுக்குள் திருடப்பட்ட லாகின்கள் வழியாக நுழைந்துவிட்டார்கள். எடின்பரோவில் இருந்த ஆர்ச்சர் உட்படப் பலவற்றை மூட வேண்டி வந்தது. பயனர்கள் எல்லாரும் பாஸ்வேர்டையும் எஸ்எஸ்ஹெச் சாவியையும் மாற்ற வேண்டியிருந்தது. முழுநேரக் குழு காவல் காக்கும் இடத்திலேயே அந்த நிலைமை.

உங்கள் தேவை அலையலையாக வருகிறது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. சொந்த மெஷின் என்றால் எழுதும் மாதங்களில் நாலு ஜிபியுவும் சும்மா இருக்கும். ரெஃபரீ கருத்து வந்த வாரத்தில் அதே நாலுதான் இருக்கும், ஐந்தாவது கிடைக்காது. பொது கிளஸ்டரில் சேர்த்தால் சும்மா இருக்கும் நேரத்தை மற்ற லேப்கள் எடுத்துக்கொள்ளும். உங்கள் அவசரத்தில் அவர்களுடைய காலி நோட்டுகள் உங்களுக்கு வரும். எல்லா லேபுக்கும் ஒரே வாரத்தில் டெட்லைன் வருவதில்லை. முழு ஏற்பாடும் அந்த நம்பிக்கையில்தான் நிற்கிறது. பெரும்பாலான நேரம் அது பலிக்கவும் செய்கிறது.

"உண்மையில் எங்களுக்குக் கிடைக்குமா" என்று கேட்டீர்கள். நல்ல ஏற்பாட்டில் கிடைக்கும். லேப்கள் பணம் போட்டு நோட் வாங்கிப் பொது கிளஸ்டரில் சேர்க்கும் இதை காண்டோ முறை என்பார்கள். அமெரிக்காவில் பர்டூ, பெர்க்லி போன்ற பல்கலைக்கழகங்களில் நன்றாகவே வேரூன்றிய முறை. பர்டூவில் 2008-ல் ஸ்டீல் என்ற கிளஸ்டரைத் தன்னார்வலர்கள் திரண்டு ஒரே நாளில் பூட்டி முடித்தார்கள். லேப்கள் சேர்ந்து பணம் போட்டு வாங்கும் வழக்கம் அங்கே அவ்வளவு வலுவாக இருந்தது. ஆனால் விதிமுறை இடத்துக்கு இடம் மாறும். அதனால் கையெழுத்துக்கு முன் கிளஸ்டர் அலுவலகத்தில் நேரில் உட்கார்ந்து கேளுங்கள். நாங்கள் ஜாப் போட்டால் எங்கள் நோட் எவ்வளவு நேரத்தில் திரும்பக் கிடைக்கும்? அதில் ஓடிக்கொண்டிருக்கும் அடுத்தவர் ஜாப்பை உடனே வெளியேற்றுவீர்களா, முடியும்வரை காத்திருக்க வேண்டுமா? வாரன்ட்டி முடிந்த பிறகு நோட் என்னாகும்? ஸ்டோரேஜ் எவ்வளவு கூட வரும்? இவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். கைடு ஊர் மாறிப் போனால் நோட்டைக் கழற்றிக்கொண்டு போக முடியுமா என்பதையும் கேட்டுவிடுங்கள். உபகரணத் தலைப்பில் உள்ள பணத்தைச் சேவைக் கட்டணமாகச் செலவிட நிதி கொடுப்பவர்கள் பல நேரம் ஒப்ப மாட்டார்கள். நோட்டாக வாங்கினால் ஒப்புவார்கள். கணக்குப் பிரிவில் அதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

---

தனிமேசை பதில்:

கணுக்காவல் சார் சொன்னதில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சொந்த மெஷினே வேண்டாம் என்று யாரும் புரிந்துகொள்ளக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

நாங்கள் க்ரையோ எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் (உறையவைத்த சாம்பிளைப் படமெடுக்கும் கருவி) வைத்திருக்கும் லேப். மைக்ரோஸ்கோப் ஓடும்போது ஒரு நாளைக்கே டெராபைட் கணக்கில் படங்கள் கொட்டும். அவற்றை அப்போதைக்கப்போது ப்ராசஸ் செய்து பார்த்தால்தான், இந்த சாம்பிள் தேறுமா, கிரிட்டை (சாம்பிளைத் தாங்கும் சிறு வலை) மாற்ற வேண்டுமா என்று முடிவெடுக்க முடியும். அந்த இடத்தில் க்யூ என்ற பேச்சே கிடையாது. ஜாப் நாளைக் காலையில் ஓடினால் மைக்ரோஸ்கோப் நேரம் வீண். அதனால் கருவிக்குப் பக்கத்திலேயே எங்களுக்கு ஜிபியு சர்வர் உண்டு, அது இல்லாமல் முடியாது. கடைசிக் கட்டப் பெரிய கணக்குகளை மட்டும் பொது கிளஸ்டருக்கு அனுப்புகிறோம்.

கோடு எழுதிச் சோதிக்கும் வேலைக்கும் இதே நிலைதான். ஒரு வரி மாற்றி, ஓட்டிப் பார்த்து, திரும்ப மாற்றி என்று உட்காரும்போது ஒவ்வொரு முறையும் க்யூவில் நின்றால் சிந்தனையே அறுந்துவிடும். துகள்நடை, உங்கள் லேபில் ஒரே ஒரு சாதாரண ஜிபியு போட்ட மேசைக் கணினி இருக்கட்டும். அமைப்பைத் தயாரிக்க, சின்னதாக ஓட்டிச் சரிபார்க்க, புரதத்தைத் திரையில் திருப்பிப் பார்க்க அது போதும். பெரிய பணத்தை மட்டும் கிளஸ்டரில் போடுங்கள்.

---

அடிவரிசை பதில்:

நான் ஜீனோமிக்ஸ் பக்கம். எல்லாரும் ஜிபியு பற்றியே பேசுகிறீர்கள். ஸ்டோரேஜ் பற்றி நான் சொல்லிவிடுகிறேன், எங்கள் துறையில் அடி விழுவது அங்கேதான்.

கிளஸ்டரில் ஸ்கிராட்ச் என்று ஒரு பெரிய, வேகமான இடம் கொடுப்பார்கள். அது வேலை நடக்கும்போது மட்டும் வைத்துக்கொள்ள வேண்டிய இடம். பல இடங்களில் குறிப்பிட்ட நாட்கள் தொடாமல் கிடக்கும் ஃபைல்களைத் தானாகவே அழித்துவிடுவார்கள். பேக்கப் கிடையாது. இது விதிமுறைப் பக்கத்தில் தெளிவாக எழுதியிருக்கும், புதிதாக வரும் மாணவர்கள் யாரும் படிப்பதில்லை. புதியவர் வந்த அன்றே நான் உட்கார வைத்துச் சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு நிகழ்வையும் அவர்களுக்குச் சொல்வேன். 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சூப்பர் கணினியில் பேக்கப் நிரலில் நடந்த பிழையால் 77 டெராபைட் ஆராய்ச்சித் தரவு அழிந்தது. 3 கோடியே 40 லட்சம் ஃபைல்கள், 14 ஆராய்ச்சிக் குழுக்கள். அவற்றில் 4 குழுக்களின் தரவை மீட்க முடியவில்லை. பேக்கப் எடுக்கும் நிரலே அழித்தது என்பதைக் கவனியுங்கள். திரும்ப உருவாக்க முடியாத தரவு எதுவாக இருந்தாலும் வேறொரு இடத்தில், வேறொரு சிஸ்டத்தில் ஒரு பிரதி இருந்தே ஆக வேண்டும். சிமுலேஷனைத் திரும்ப ஓட்டிவிடலாம். நோயாளியிடம் எடுத்த சாம்பிளுக்கு எங்கே போவது?

அப்புறம் சின்ன ஃபைல்கள். லஸ்டர் போன்ற ஃபைல் சிஸ்டம் பெரிய ஃபைலைப் படிப்பதில் கெட்டி. ஆனால் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற விவரத்தைத் தனியாக ஒரு மெட்டாடேட்டா சர்வர் சொல்ல வேண்டும். பல்லாயிரம் குட்டி ஃபைல்களை ஒரே நேரத்தில் திறந்தால் அந்த சர்வர் திணறும். உங்களோடு சேர்ந்து கிளஸ்டரில் எல்லாருக்கும் டைரக்டரி பட்டியல் பார்ப்பதுகூட நின்றுவிடும். மென்பொருள்களை நிறுவ நாம் உருவாக்கும் ஒரு காண்டா என்விரான்மென்ட்டுக்குள் எத்தனை ஃபைல் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள், திகைப்பீர்கள். அதை அப்டெய்னர் கன்டெய்னராகக் கட்டினால் ஒரே ஃபைலாகிவிடும். தரவையும் ஒரே டார் ஃபைலாகக் கட்டிக் கொண்டுபோய், நோட்டிலேயே உள்ள எஸ்எஸ்டியில் விரித்து வேலை செய்து, முடிவை மட்டும் திருப்பி எழுதுங்கள். எங்கள் பைப்லைன் இப்படி மாற்றிய பிறகுதான் ஆள் மாதிரி ஓடுகிறது.

நோட்டுக்குப் பணம் போடும்போது கொஞ்சத்தை ஸ்டோரேஜுக்கு ஒதுக்கச் சொல்லிக் கைடிடம் கேளுங்கள். அணுக்களின் நகர்வைப் பதிவு செய்யும் ட்ராஜெக்டரி ஃபைல்கள் பெருகும் வேகம் உங்களுக்கே தெரியும்.

---

துகள்நடை பதில்:

மூன்று பேருக்கும் மிக்க நன்றி. நேற்று முழுக்க லேபின் பழைய ஜாப்கள் எவ்வளவு கேட்டன, எவ்வளவு பயன்படுத்தின என்று ஸ்லர்மின் எஸ்அக்கவுன்ட், எஸ்எஃப் கட்டளைகளில் எடுத்துப் பார்த்தோம். கணுக்காவல் சார் சொன்னது அப்படியே இருந்தது. எங்கள் லேபில் கைமாறி வந்த ஸ்கிரிப்ட் நாலு ஜிபியு, 256 ஜிபி ரேம், 7 நாள் கேட்கிறது. உண்மையில் பயன்பட்ட ரேம் 4 ஜிபியைத் தாண்டவில்லை. பெரும்பாலான ஓட்டங்கள் ஒரு நாளுக்குள் முடிந்திருக்கின்றன. ஜூனியர்களைச் சுற்றி உட்கார வைத்து இதைக் காட்டியதும் "சொந்த மெஷின்" பேச்சு பாதி அடங்கிவிட்டது.

இப்போது பிரதிக்கு ஒரு ஜிபியு, 8 ஜிபி ரேம், 6 மணி நேரம் என்று மாற்றி அர்ரேயாகப் போட்டிருக்கிறேன். பாதி உடனே உள்ளே போய்விட்டது. கைடிடம் கிளஸ்டர் நோட், கொஞ்சம் ஸ்டோரேஜ், ஒரு மேசைக் கணினி என்று சொல்லப் போகிறேன். அலுவலகத்திலும் கேட்டேன். எங்கள் நோட்டில் ஓடும் அடுத்தவர் ஜாப்பை உடனே வெளியேற்றி எங்களுக்குத் தருவார்கள் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள்.

அதே விதி எங்களுக்கும் பொருந்துமே. அடுத்த லேபின் காலி நோட்டில் ஓடும்போது எங்கள் ஜாப்பைத் தூக்கிவிட்டால் அதுவரை ஓடியது போய்விடுமா? 6 மணி நேரத்துக்கு மேல் போகும் ஓட்டங்களையும் எப்படித் தொடர்வது?

---

கணுக்காவல் பதில்:

ரொம்ப சந்தோஷம். அந்த எண்களை லேபின் எல்லாருக்கும் காட்டினீர்களே, அதுதான் பெரிய விஷயம். இந்தக் கணக்குகளைப் பத்திரமாக வையுங்கள். பிறகு தேசிய அளவிலான பெரிய மெஷினில் நேரம் கேட்டு விண்ணப்பிக்கும்போது, எத்தனை ஜிபியுவில் எவ்வளவு வேகம் என்ற அட்டவணையைத்தான் முதலில் கேட்பார்கள்.

ஓடியது போகாது. குரோமாக்ஸ் இயல்பாகவே 15 நிமிடத்துக்கு ஒருமுறை செக்பாயின்ட், அதாவது விட்ட இடத்திலிருந்து தொடர உதவும் பதிவு, எழுதும். அடுத்தவர் நோட்டில் ஓடும் ஜாப்களுக்கு அதை 5 நிமிடமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். சிமுலேஷனை ஓட்டும் எம்டிரன் கட்டளையில் 'மேக்ஸ்ஹெச்' என்ற ஆப்ஷனில் உங்கள் நேர வரம்பைக் கொடுத்தால், வரம்பு முடிவதற்குச் சற்று முன்னால் தானே செக்பாயின்ட் எழுதி ஒழுங்காக நின்றுகொள்ளும். 'சிபிஐ' ஆப்ஷனில் செக்பாயின்ட் ஃபைலைக் கொடுத்தால் அடுத்த ஜாப் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒவ்வொரு பிரதிக்கும் தனி ஜாப் பெயர் வைத்து, டிபென்டென்சியை 'சிங்கிள்டன்' என்று போட்டு, அதே ஸ்கிரிப்ட்டை வேண்டிய அளவு வரிசையாகச் சமர்ப்பித்துவிடுங்கள். ஒன்று முடிந்த பிறகுதான் அதே பெயருள்ள அடுத்தது கிளம்பும்.

வெளியேற்றும்போது ஸ்லர்ம் முதலில் 'முடித்துக்கொள்' என்று சொல்லும் 'டெர்ம்' சிக்னல் அனுப்பிக் கொஞ்சம் அவகாசம் தரும்படி வைக்கலாம். அந்த அவகாசம் இயல்பாகப் பூஜ்யம், நிர்வாகிகள் வைத்தால்தான் உண்டு. உங்கள் அலுவலகத்தில் அது எத்தனை நொடி என்று கேளுங்கள். பூஜ்யம் என்றால் இரண்டு நிமிடமாவது வைக்கச் சொல்லிக் கேளுங்கள், கேட்டால் செய்வார்கள். எம்டிரன் அந்த சிக்னலைப் புரிந்துகொண்டு செக்பாயின்ட் எழுதிவிட்டுத்தான் நிற்கும். ஸ்கிரிப்ட்டில் எம்டிரனை ஸ்லர்மின் எஸ்ரன் கட்டளை வழியாகக் கிளப்புங்கள், அப்போதுதான் சிக்னல் நேராக அதற்குப் போய்ச் சேரும். 'ரீக்யூ' வரியையும் சேர்த்துவிட்டால் தூக்கப்பட்ட ஜாப் தானே மறுபடி க்யூவுக்கு வந்துவிடும். முதலில் ஒரே ஒரு பிரதியை வேண்டுமென்றே நடுவில் ரீக்யூ செய்து, லாக் ஃபைலில் சரியான ஸ்டெப்பிலிருந்து தொடர்கிறதா என்று பார்த்த பிறகு மற்றவற்றைப் போடுங்கள்.